4 ஜிபி கணினியில் ஒரு மணி நேர வகுப்பு

வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பை வைத்து ஆன்லைன் வகுப்பு எடுக்க முடியுமா என்று டியூஷன் எடுக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். செலரான் அல்லது பழைய ஐ3 சிப், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் கைவசம் இருப்பது இதுதான். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த இயந்திரமாகவும் இருக்கலாம். புதுசு வாங்குவதென்றால் பல மாத டியூஷன் வருமானம் போய்விடும். பழசையே நம்பி உட்கார முடியுமா?

முடியும். அதற்கு முன் வகுப்புக்கு என்ன தேவை என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

வேகம் வேறு, தடையில்லாமை வேறு

ஒரு ஃபைல் திறக்கப் பத்து விநாடி ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. வகுப்பு நடுவில் அரை விநாடி நின்றால் நஷ்டம். நம் குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு இணையத்தில் போகிறது. கணினி அரை விநாடி திணறினால் 25 துண்டுகள் காலி, அதாவது ஒரு முழுச் சொல். தமிழில் எதிர்மறை வாக்கியக் கடைசியில் வருவதை யோசிச்சுப் பாருங்க. "இந்தக் கோணம் செங்கோணம் இல்லை" என்பதில் அந்தக் கடைசிச் சொல் விழுந்தால், மறுமுனையில் இருக்கும் பிள்ளை நேர் எதிரானதை நோட்டில் எழுதிக்கொள்ளும். விழுந்தது நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. படம் உறைந்தால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சொல் விழுந்தால் யாரும் சொல்வதில்லை.

அதனால் முன்னுரிமை இப்படி: முதலில் குரல், அடுத்து பாடம் காட்டும் திரை, கடைசியில்தான் நம் முகம்.

எப்போ சிக்குதுன்னு பாருங்க

பழைய கணினி எங்கே பலவீனமாக இருக்கிறது என்பதை அது திணறும் நேரமே காட்டிக்கொடுக்கும்.

ஆரம்பத்திலிருந்தே திணறினால் பெரும்பாலும் ரேம் பற்றாக்குறை. விண்டோஸ் சும்மா இருக்கும்போதே 4 ஜிபியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ப்ரௌசர், மீட்டிங், பவர்பாயின்ட் எல்லாம் அடங்காமல் போகும்போது ஹார்ட் டிஸ்க்கைத் துணை நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி. சுழலும் டிஸ்க்கில் தேடி எடுக்க 10 மில்லி விநாடி. ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! ஒரு தடவை என்றால் பரவாயில்லை, நூறு தடவை வரிசையாகப் போனால் ஒரு விநாடி போச்சு. வகுப்பு நேரத்தில் மீட்டிங்கும் பாடமும் மட்டும் திறந்திருக்கட்டும். ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திடுங்க. செலவு செய்ய முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்க, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்க. ஒன்றுதான் முடியும் என்றால் என் தேர்வு எஸ்எஸ்டி. ரேம் பற்றாக்குறை அப்போதும் இருக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் தண்டனை நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் இழுத்தால் அது சூடு. சிப் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில், இது கட்டாயம் நடக்கும். மேசையில் வைத்து, பின்பக்கம் இரண்டு புத்தகத்தை முட்டுக்கொடுத்தாலே காற்று போகும். நாலைந்து வருஷமாகத் திறக்காத இயந்திரம் என்றால் ஃபேன் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் புதுசாகப் போடச் சொல்லுங்க.

நேரங்காலம் இல்லாமல் திடீரென்று நின்றால் பின்னணியில் ஏதோ வேலை நடக்குது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால், அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடிக்கொண்டிருக்கலாம். வகுப்பு நேரத்தை ஆக்டிவ் ஹவர்ஸ் அமைப்பில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருநாள் இரவு நாமே அப்டேட்டை ஓட்டிவிடுவது நல்லது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 4 ஜிபி இயந்திரத்தில் விண்டோஸ் 11 ஏறினாலும் மூச்சு வாங்கும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுண்டு போன்றவை இந்த மாதிரி இயந்திரத்துக்குப் பொருந்தும். ஜூம், மீட் இரண்டும் அதில் வேலை செய்யும்.

சாயங்காலம் மட்டும் தகராறு என்றால் கணினியைத் திட்டாதீங்க. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்ளும் நேரம் அது. ரவுட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டால் அந்த மோதலிலிருந்து தப்பிக்கலாம்.

போனோடு வேலையைப் பங்கிடுவது

எனக்கு இதுவரை தெரிந்த வழிகளில் அதிகப் பலன் தருவது இதுதான், செலவும் இல்லை. கேமரா படத்தைச் சுருக்கி அனுப்புவதுதான் சிப்புக்குப் பெரிய சுமை. போன் சிப்பில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆகவே குரலும் கேமராவும் போனில். பாடத் திரை மட்டும் கணினியில். ஒரே வகுப்பில் இரண்டு பேராக ஏறணும். கணினியில் மைக்கை மியூட் பண்ணி, ஸ்பீக்கரையும் முழுசாகக் குறைத்துவிடுங்க, இல்லாவிட்டால் எதிரொலி கிளம்பும். கணக்குப் பாடம் என்றால் போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கீழே நோட்டில் எழுதினால் அதுவே கரும்பலகை.

இதில் இன்னொரு லாபம். போனை இணை ஹோஸ்டாக வைத்துவிட்டால், கணினி செத்தாலும் வகுப்பு கலையாது. பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், நம் குரலும் இருக்கும்.

டேட்டா கணக்கும் பார்த்துவிடுவோம். ஜூம் தரும் அளவுப்படி குரலுக்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட், திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75, நல்ல தரமான வீடியோவுக்கு 600. குரலும் திரையும் மட்டும் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 70 எம்பி. அந்த வீடியோவுக்கு மட்டுமே 270 எம்பி. ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு கேமராவை அணைப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மறுமுனையில் அம்மாவின் போன் டேட்டாவில் படிக்கும் பிள்ளைக்கும் அது உதவி.

கரண்ட்

பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும், ரவுட்டரும் போகும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதை யூபிஎஸ் மோடில் வையுங்க. மாறும் அந்த நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆகாமல் தப்பும். இன்வெர்ட்டர் இல்லை என்றால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் போதும். அடாப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்கணும். பராமரிப்புக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவிக்கும் நாட்களில் வகுப்பையே வேறு நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

ஒத்திகை

இதெல்லாம் செய்த பிறகு, வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், அதே அறையில், முழுசாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஐந்து நிமிட ஒத்திகையில் சூடும் தெரியாது, அப்டேட்டும் தெரியாது. வீட்டில் யாரையாவது வேறு போனில் சேரச்சொல்லி, நீங்கள் சொல்லும் 50 வாக்கியங்களை எழுதச்சொல்லுங்க. பாதி வாக்கியங்கள் "இல்லை"யில் முடியட்டும். எழுதியதை வாங்கி ஒப்பிட்டால் கணினி தேறியதா என்பது தெரிந்துவிடும்.

ரேம் 2 ஜிபி, அதுவும் போர்டோடு ஒட்டியது, மாற்ற வழியில்லை என்றால் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் பாடக்குறிப்பைத் தயார் செய்துகொண்டு, வகுப்பை முழுசாகப் போனிலேயே எடுத்துவிடுங்க.