குழாயில் வந்த பொன்னி

மூன்று தலைமுறைத் தமிழர்கள் படித்துப் பேசித் தீர்த்த கதையை பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தெருக்கள் இப்போதுதான் கையில் எடுத்திருக்கின்றன. கதை இத்தனை வருஷம் காத்திருந்தது. எழுத்தும் அப்படிக் காத்திருக்குமா?

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீராம்புரத்தில் ஏதாவதொரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். போன ஆடியில் அப்படியொரு பந்தலில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றபோது, பக்கத்து வீட்டு அக்கா என் காதருகே குனிந்து கேட்டார்: “ஏம்மா, அந்த வந்தியத்தேவன் ஏரிக்கரை மேல குதிரையில வரானே, அதுவும் ஆடி மாசந்தானே?”

“ஆமாக்கா. ஆடிப்பெருக்கு அன்னிக்கு.”

“அதான் பாத்தேன். அங்கயும் இதே காத்து, இதே கூட்டம்.”

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கார்மென்ட்ஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் அப்போது மூன்றாம் பாகத்தில் இருந்தார். நந்தினியை நினைத்தால் தூக்கமே வரமாட்டேன் என்கிறது என்றார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல அவளைப் பற்றிப் பேசினார். இவள் நல்லவளா, கெட்டவளா, யார் பெற்ற பிள்ளை, எதற்காக இப்படிச் செய்கிறாள்? எனக்குப் பொறாமையாக இருந்தது. முடிவு தெரியாமல் அந்தக் கதைக்குள் நடக்கிற பாக்கியம் ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

“எந்தப் பதிப்புக்கா வாங்கினீங்க?” என்றேன்.

அக்கா கைப்பேசியை எடுத்துக் காட்டினார். “எனக்கு எங்கம்மா படிக்க வரும்? மெஷின்ல உக்காந்துகிட்டு கேக்கறேன்.”

பிந்தி வந்த வாசகர்களைப் பற்றி எழுதத்தான் இந்தத் தெருக்களில் நடந்தேன். ஆனால் அக்காவின் அந்தப் பதில்தான் போன இடமெல்லாம் என்கூடவே வந்தது.

ஏன் பிந்தினோம்?

‘கல்கி’ பத்திரிகையின் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கிய தொடர் 1954 மே 16 இதழில் முடிந்தது. மூன்றரை வருஷம், ஐந்து பாகம், 293 அத்தியாயம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்கள். அம்மா படித்ததை மகள் படித்தாள், மகள் படித்ததைப் பேத்தி படித்தாள். அந்த வீடுகளில் இந்தக் கதையை யாரும் ‘கண்டுபிடிக்க’ வேண்டியிருக்கவில்லை. அது அலமாரியிலேயே இருந்தது.

ஸ்ரீராம்புரத்து வீடுகளில் அலமாரியே கிடையாது. மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து குடியேறியவர்களின் பேட்டை இது. எங்கள் தாத்தா தலைமுறையில் கையெழுத்துப் போடத் தெரிந்தாலே பெரிய விஷயம். அப்பா தலைமுறை தமிழ் வாரப் பத்திரிகை படித்தது. எங்கள் தலைமுறை கன்னடப் பள்ளிக்கூடம் போனது, எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், சினிமாவில் தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழில்தான். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் தமிழ் இல்லை.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. ஓகலிபுரம் பக்கம் நடந்து போகும்போது சினிமா போஸ்டர்களைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வைப்பார். 1991 டிசம்பரில் தமிழர்களைக் குறிவைத்துக் காவிரிக் கலவரம் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வாரப் பத்திரிகைகளையெல்லாம் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். “கொஞ்ச நாளைக்கு வாசல்ல உக்காந்து தமிழ் படிக்காதம்மா” என்றார். அவர் சொன்ன கொஞ்ச நாள் முப்பது வருஷமானது.

யார் மேலும் எனக்குக் குறையில்லை. அந்தப் பத்து நாளும் எங்களுக்குப் பாலும் காய்கறியும் வாங்கி வந்து கொடுத்தது எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பம்தான். ஆனால் வாசலிலிருந்து உள்ளே போன பத்திரிகை, பிறகு வாசலுக்கு வரவே இல்லை. எங்கள் தெருவில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான்.

பொன்னி என்பது யார்?

2022 செப்டம்பர் 30. ‘பொன்னியின் செல்வன்’ படம் தமிழோடு கன்னடத்திலும் இன்னும் மூன்று மொழிகளிலும் வந்த நாள். ஸ்ரீராம்புரமே கிளம்பிப் போனது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், ஒன்பது வயது மகள் கேட்டாள்: “அம்மா, பொன்னின்னா யாரு? படம் பூரா தேடினேன், வரவே இல்லையே?”

“பொன்னின்னா காவேரி.”

“நம்ம காவேரி தண்ணியா?”

பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்கு அதுதான் பெயர். போர் தண்ணி ஒன்று, காவேரி தண்ணி ஒன்று. 1974 முதல் அந்த ஆற்றுத் தண்ணீர் தொரெக்காடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது. முறை வைத்துத் தண்ணீர் வரும் நாளில் எங்கள் சந்தில் குடங்கள் வரிசை கட்டும். எட்டு வயதில் வாய்விட்டுப் பெயர் சொல்லவே நான் பயந்த ஆறு, தினமும் என் வீட்டுச் சோற்றில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன் இன்னொரு பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ஒரு கதை எழுபது வருஷமாக இருக்கிறது. அதை நான் படித்ததில்லை.

அடுத்த வாரமே ஐந்து பாகங்களும் வாங்கினேன். முதல் அத்தியாயத்துக்கு இரண்டு மாலை பிடித்தது. விரல் வைத்து, வாய்விட்டு, வரி வரியாகப் படித்தேன். இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ பாதியில் வாய் அடங்கியது. ‘மணிமகுடம்’ வந்தபோது விரலும் தேவைப்படவில்லை. கல்கி வாராந்தர வாசகருக்காக எழுதினார் என்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. அத்தியாயம் சின்னது, வாக்கியம் சின்னது, முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் அடுத்த பக்கத்துக்கு இழுத்துப் போய்விடும் நடை அது. நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய எழுத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்த நடைதான். அடுத்த ஆடிக்குள் ‘தியாகச் சிகர’த்தின் 91 அத்தியாயங்களையும் முடித்தேன்.

காது கேட்டது, கண் எங்கே?

படம் வந்த பிறகு ஸ்ரீராம்புரத்தில் இந்தக் கதைக்குள் வந்தவர்கள் ஏராளம். ஆட்டோ ஓட்டுபவர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்கிறார். பூக்கட்டும் அம்மா கேட்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பையன் மெட்ரோவில் கேட்கிறான். எல்லாரும் கேட்கிறார்கள். நான் பேசியவர்களில் புத்தகத்தைப் பிரித்துப் படித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இந்தக் கேட்கும் வசதி சும்மா வந்ததில்லை. 1999இல், கல்கியின் நூற்றாண்டில், தமிழ்நாடு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அவர் காலமானது 1954 டிசம்பரில். சட்டப்படி காப்புரிமை 2014 முடியும்வரை ஓடியிருக்கும். அந்தப் பதினைந்து வருஷம் முன்கூட்டியே கிடைத்ததால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்யலாம் என்றானது. மலிவுப் பதிப்பும் செயலியும் ஒலிநூலும் பெருகின. அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தவை வந்து உட்கார்ந்தது அதனால்தான். கேட்பது போதும், கதை மனசுக்குள் போனால் சரி, பாட்டி சொன்ன கதையை யாரும் எழுதிப் படிக்கவில்லையே என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் இந்தக் கதையின் உள்ளேயே இருக்கிறது.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றித்தான் ஐந்து பாகமும் சுழல்கின்றன. அந்தக் கொலையைச் செய்தவர்களின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொன்றவர்களின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிய ஆணை அது. கதையில் வரும் ரவிதாசனின் பெயர் அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் அந்தக் கல்லின் முன் நின்று எழுத்தைப் படித்தார். படிக்க ஆள் இருந்ததால் வரலாறு கிடைத்தது, வரலாற்றிலிருந்து கதை கிடைத்தது. கல்லைக் காதில் வைத்துக் கேட்க முடியாது.

அந்த எழுத்து எங்களுக்குத் தூரத்திலும் இல்லை. பெங்களூருக்குப் பக்கத்துக் கோலாரில், கோலாரம்மா கோயில் சுவரில், ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. வேண்டுதலுக்கு அங்கே போய் வருபவர்கள் எங்கள் தெருவில் உண்டு. சுவரில் இருப்பது நம் எழுத்து என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கன்னடம் படித்தவருக்குத் தமிழ் எழுத்து எளிதாக வரும் என்று நினைப்பார்கள். பாதிதான் உண்மை. கன்னடத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் ஒரே ‘ப’ ஓரிடத்தில் அழுத்தமாகவும் இன்னோரிடத்தில் மென்மையாகவும் ஒலிக்கும். ‘பார்த்திபேந்திரன்’ என்ற பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. என் மகள் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றாள். அதோடு ‘ழ’. பழைய கன்னடத்தில் இருந்த இந்த எழுத்து இன்றைய கன்னடத்தில் இல்லை. எங்கள் தெருத் தமிழில் ஒலியும் தேய்ந்துவிட்டது. அக்கா வாயில் பழுவேட்டரையர் ‘பளுவேட்டரையர்’, பூங்குழலி ‘பூங்குளலி’. எழுத்தைக் கண்ணால் பார்க்காதவரைக்கும் இது தவறு என்று தெரிய வழியே இல்லை. மொழியின் பெயரிலேயே அந்த எழுத்து இருக்கிறதே!

இது தமிழர் வீட்டுக் கவலை மட்டுமல்ல. மெட்ரோவில் ஸ்ரீராம்புரத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயர் மகாகவி குவெம்பு சாலை. அங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் சொன்னார்: “குவெம்புவின் ‘மலெகளல்லி மதுமகளு’ 1967இல் வந்தது. அதை விடிய விடிய நாடகமாகப் போட்டார்கள், என் பேரப்பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நிலையத்துப் பெயர்ப்பலகையில் இங்கிலீஷைத்தான் படிக்கிறார்கள்.” இரண்டு மொழிக்காரர்களும் ஒரே காவேரி தண்ணியைக் குடித்துக்கொண்டு ஒரே பயத்தைச் சுமக்கிறோம்.

ஒரு கதைக்குப் பிந்தி வருவதில் எந்த வெட்கமும் இல்லை. பன்னிரண்டு வயதில் படித்தவருக்கு வந்தியத்தேவன் கிடைப்பான். நாற்பதில் படித்த எனக்கு மந்தாகினி கிடைத்தாள். பேச்சில்லாத அந்தத் தாயின் தவிப்பு பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கியிருக்காது. எழுத்தை விட்டுவிடுவது அப்படியல்ல. என் அப்பா விட்ட இடத்திலிருந்து நான் பிடிக்க முப்பது வருஷமானது. என் மகள் விட்டால், அவள் பிள்ளைக்கு விட்ட இடம் எதுவென்றே தெரியாது.

மொட்டைமாடியில் ஒரு பக்கம்

அதனால் செய்யக்கூடியதைச் செய்கிறோம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறினால் அல்சூர் போய்விடலாம். அங்கே போக முடியாதவர்களுக்காக, ஞாயிறு மாலை எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் சேர்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம். எவ்வளவு நேரமானாலும் எழுத்துக்கூட்டியே படிக்க வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ‘புது வெள்ள’த்தில் எங்கள் வேகம் வாரத்துக்கு ஒரு அத்தியாயம். கணக்குப் பார்த்தால் ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். அன்றைக்குப் பத்திரிகை வாசகர்கள் மூன்றரை வருஷம் காத்திருந்தார்களே, நாங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறோம்.

ஒரு ஞாயிறு என் மகள் முறை. ‘கடம்பூர்’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். “அம்மா, இந்தப் ‘பூ’வை அழுத்திச் சொல்லணுமா, மெல்லமா சொல்லணுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: “முன்னாடி ‘ம்’ இருக்கில்ல கண்ணு? அதோட சேத்துச் சொல்லு, தானா மெல்ல வரும்.” கதையை முழுக்கக் கேட்டவருக்குச் சொல்லின் ஒலி தெரிந்திருந்தது. எழுத்துதான் தெரியவில்லை. மகளுக்கு எழுத்து தெரிந்திருந்தது, ஒலி தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். மகள் எழுத்தைக் காட்டுகிறாள், அக்கா ஒலியைத் திருத்துகிறார்.

சென்ற வாரம் கூட்டம் முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, தையல் ஊசி தேய்த்த அந்த விரலை ஒரு வரியின் நடுவில் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ந. ந். தி. னி.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இவதானா அவ? நாலே எழுத்துதானா?”