தகவல் துளி: ஒழுங்கற்ற நுண்வில்லைகள்

லேசர் ஒளியை ஒரு பரப்பின் மீது சீராகப் பரப்புவதற்கு, பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமுடைய நுண்வில்லைகள், அதாவது மிகச் சிறிய லென்சுகள், ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்ட ஒளியியல் தகடுகள் பயன்படுகின்றன. இவ்வில்லைகளை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக அமைத்தால், ஒவ்வொன்றின் வழியாகவும் வெளிவரும் ஒளியலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் வேறு திசைகளில் ஒன்றையொன்று அழித்தும் விடுவதால், சீரான வெளிச்சத்துக்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டான ஒளிக்கோலமே கிடைக்கிறது. அலைகள் இவ்வாறு கூடுவதும் குறைவதும் குறுக்கீட்டு விளைவு எனப்படும்.

வில்லைகளின் இருப்பிடம், அளவு, வளைவு ஆகியவற்றைக் கணித முறைப்படி வகுத்த எல்லைகளுக்குள் ஒழுங்கின்றி மாற்றியமைத்தால், அலைகள் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் ஒன்றுகூடும் நிலை நீங்கி, அந்த ஒளிப்பொட்டுகள் கலைந்துவிடுகின்றன. ஆயினும், ஒளி எவ்வளவு கோணத்தில் விரிய வேண்டும், வட்டமாக விழ வேண்டுமா சதுரமாக விழ வேண்டுமா என்பனவற்றை வில்லைகளின் வடிவமே தீர்மானிப்பதால், ஒளியின் மீதான கட்டுப்பாடு குலைவதில்லை. லேசர் ஒளிக்கே உரிய நுண்ணிய புள்ளிச் சிதறல் இம்முறையிலும் எஞ்சுவதால், அதைக் குறைப்பதற்காகத் தகட்டைச் சுழற்றி, புள்ளிகளைக் கண்ணுக்குப் புலப்படாதவாறு கலக்கச் செய்வதும் உண்டு.

ஒளியைக் கொண்டு தொலைவை அளக்கும் உணரிகளிலும் லேசர் ப்ரொஜெக்டர்களிலும் பயன்படும் இத்தகடுகள், திட்டமிட்டு ஆளப்படும் ஒழுங்கின்மையும் பொறியியலில் துல்லியத்துக்குத் துணைபுரியும் என்பதை உறுதிப்படுத்துகின்றன.