கணக்கை உரக்கப் படிக்கும் கூட்டங்கள்

மத்திய பட்ஜெட்டைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்பதற்காகக் கிரிக்கெட் மைதானமே நிரம்பியது என்றால் இன்று நம்புவது கடினம். பம்பாயில் அது நடந்தது. 1958இல் கிரீன்ஸ் ஹோட்டலின் சிறிய அரங்கம் ஒன்றில் வழக்கறிஞர் நானி பல்கிவாலா பட்ஜெட்டை விளக்கிப் பேசத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. அரங்கங்கள் போதாமல் கடைசியில் பிரபோர்ன் ஸ்டேடியத்தையே பிடிக்க வேண்டியதாயிற்று. கையில் குறிப்புத் தாள்கூட இருக்காது. வரி விகிதங்களையும் ஒதுக்கீடுகளையும் நினைவிலிருந்தே எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுவார்.

1970களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்ந்து 97.75 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இத்தகைய வரிக் கொள்கையைப் பல்கிவாலா விடாமல் எதிர்த்தார். அவருடைய பொருளாதாரப் பார்வையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், நிதியமைச்சரின் உரையில் தன் சம்பளத்தைத் தொடுவது எது என்று ஒரு குமாஸ்தாவுக்கும் புரியவைக்க முடியும் என்பதை அந்தக் கூட்டங்கள் காட்டின. அந்த மேடையில் ஒரு குறையும் இருந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் அங்கே இல்லை.

பதில் சொல்ல வேண்டியவர்களையும் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள்.

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியை 1970களிலேயே விட்டு விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990இல் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலிகூடக் கைக்கு வருவதில்லை என்பதுதான் முதல் பிரச்சினை. கேட்டால், ‘நீங்கள் செய்த வேலை குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்று பதில் வரும். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் அது அரசாங்க ரகசியம். உழைத்தவருக்கே தன் உழைப்பின் கணக்கைப் பார்க்க வழியில்லை.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. நடைமுறை எளிது. முன்கூட்டியே ஆவணங்களைத் திரட்டி, ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒரு ஷாமியானா, ஒரு மைக். வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் போன்ற வெளியாட்கள் சாட்சியாக உட்கார்ந்திருப்பார்கள். கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலை எடுத்துப் பெயர் பெயராக, நாள் நாளாக உரக்கப் படிப்பார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு கூலி வாங்கியதாக எழுதியிருக்கிறது என்று படித்ததும், அந்த ஆளே கூட்டத்திலிருந்து எழுந்து ‘நான் அந்த வேலைக்கே போகவில்லை’ என்பார். பட்டியலில் இறந்தவர்களின் பெயர்களும் வந்தன. தாளில் கட்டி முடிக்கப்பட்டிருந்த கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதே மைக் உண்டு. எழுத்தறியாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் அரசின் கணக்கு தணிக்கைக்கு வந்தது. பின்னாளில் சில ஊராட்சித் தலைவர்கள் மக்கள் முன்னிலையிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கம் பியாவர் நகரத்தை எட்டியது. 1996இல் அங்கே 40 நாள் தர்ணா நடந்தது. தகவல் உரிமை தேசியக் கோரிக்கையாக வளர்ந்தது. விதிவிலக்குகள் மலிந்ததுதான் என்றாலும், 1997இல் இதற்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. ஷாமியானாவில் பிறந்த வழக்கம் நாட்டின் சட்டமாயிற்று!

புதிய தேசியக் கல்விக் கொள்கையில் மக்கள் கருத்து கேட்கப்பட்ட விதத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகக் கஸ்தூரிரங்கன் குழு தயாரித்த வரைவு 2019 மே 31 அன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியானது. 484 பக்கங்கள். கருத்துச் சொல்ல முதலில் தரப்பட்ட அவகாசம் ஒரு மாதம், எதிர்ப்புக்குப் பின் இன்னொரு மாதம். கோடிக்கணக்கான பெற்றோர்களைத் தொடும் ஆவணத்துக்கு ஏன் இந்த அவசரம் என்று நடிகர் சூர்யா ஒரு மேடையில் கேட்டது விவாதத்தை வீடுகளுக்குள் கொண்டுபோனது. இந்தி பேசாத மாநிலங்களில் இந்தியைக் கட்டாயமாக்கும் வாசகம், தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. பேசினால் பலன் உண்டு என்பதற்கு அது சான்று. சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளிலிருந்தும் 676 மாவட்டங்களிலிருந்தும் யோசனைகள் பெற்றதாக அரசு சொல்கிறது. அந்த எண்ணிக்கையைவிட, சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்பதுதான் மக்களுக்குத் தேவையான பதில்.

மொழியும் சின்ன விஷயமல்ல. 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மக்களால் படிக்க முடியாத வரைவுக்கு மக்கள் எப்படிக் கருத்துச் சொல்வார்கள்?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்தைக் கேட்கும் விஷயத்தில் ஓரளவு தெளிவானது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள் எழுப்பிய பிரச்சினைகளைத் தொகுத்து, கூட்டம் கலையும் முன் உள்ளூர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். ஆனால் எத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பு அதில் கிடையாது.

கிராம சபைக்கு அந்த வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வேண்டும், 10,000த்தைத் தாண்டினால் 300 பேர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து, சபையில் வைக்கப்படும் வரவு செலவுக் கணக்கை வரி வரியாகப் படிக்கச் சொல்லலாம். பதிவேட்டில் வெற்றிடம் விட்டு முதலிலேயே கையெழுத்து கேட்டால் மறுத்துவிட வேண்டும். தீர்மானத்தை முழுதாக எழுதி, படித்துக்காட்டிய பிறகு போட்டால் போதும். அதன் நகல் வேண்டுமானால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிக் கேட்கலாம்.