ஹம்மிங் பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர்

அமெரிக்காவில் ஹூஸ்டனிலுள்ள மகள் வீட்டில் செப்டம்பர் மாதம் தங்கியிருந்தேன். கொல்லையில் தொங்கிய சிவப்புக் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க ஹம்மிங் பறவைகள் ஓயாமல் வந்தன. நம் தேன்சிட்டுக்கு இது உறவல்ல. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. நொடிக்குச் சுமார் 50 முறை சிறகடித்து அந்தரத்தில் நின்றே குடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும்!

நான் கண்டது செந்தொண்டை இனம். எடை 3 கிராம்தான். குளிர்காலத்துக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா போகுமுன் தின்று தின்று ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பல கரையோரமாகத் தெற்கே போகின்றன. சில, மெக்சிகோ வளைகுடாவை நேராக, சுமார் 800 கி.மீ. இறங்காமல் கடக்கின்றன. சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு.

"குடுவையைக் கழற்றாவிட்டால் பறவை இங்கேயே தங்கிக் குளிரில் செத்துவிடும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்ல, மகளும் கழற்றப் போனாள். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் பகல் பொழுது குறைவதே அவற்றைக் கிளப்புகிறது. குடுவை நிறுத்தி வைப்பதில்லை. ஆண் பறவைகள் முதலில் போய்விடும். அந்த வருஷத்துக் குஞ்சுகள் பிந்தி, பெற்றோர் துணையின்றித் தனியே போகின்றன. அவற்றுக்குத்தான் குடுவை அவசியம். கடைசிப் பறவையைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் தொங்கட்டும்.

அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அளவு: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. சாயம் வேண்டாம். தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். வெயில் நாளில் இரண்டு நாளுக்கொரு முறை குடுவையைக் கழுவி மாற்றுங்கள். நம் வழக்கப்படி வெல்லம் கரைத்துவிடாதீர்கள். அதிலுள்ள இரும்புச் சத்து அவற்றுக்கு ஆகாது.