முதிரைத் துண்டுக்குள் ஒரு பின்னல்

மட்டக்களப்பின் தளபாடப் பட்டறைகளில் கதவும் அலுமாரியும் செய்து மிஞ்சிய முதிரைத் துண்டுகள் விறகாகப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. உலர்வலயக் காட்டில் ஆறுதலாக வளர்ந்து வைரம் பாயும் மரம் அது. பொன்மஞ்சள் நிறம், சாய்த்துப் பார்த்தால் பட்டுச்சேலை போல மினுங்கும் ரேகை. வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் கேட்கும் அளவுக்கு அருமையானது. அதில் ஒரு பேனை செய்ய 20 மில்லிமீற்றர் சதுரமும் ஒரு சாணுக்கும் குறைந்த நீளமும் போதும்.

கையால் கடைந்த பேனைக்கு நம் பக்கத்தில் நல்ல முன்னோடி உண்டு. ஆந்திராவின் ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1932இல் தொடங்கிய பட்டறை காந்தியின் சுதேசி அழைப்பில் பிறந்தது. எபோனைட் தண்டைக் கடைந்து அங்கே செய்த பேனையைப் பாராட்டி 1935இல் காந்தி கடிதமே எழுதினார். தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்தில் செய்யும் மரச் சொப்புச் சாமானும் கடைசல் வேலைதான்.

ஆனால் வெறும் மரப்பேனையை அலங்காரப் பேனையாக்குவது கடைசல் இயந்திரம் அல்ல, அதற்கு முன்னே நிற்கும் ஜிக். மரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பிடித்துத் தரும் சட்டகம் அது. அதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

பிளைவூட்டில் மேல்மூடி இல்லாத ஒரு நீளப் பெட்டி. உள் அகலம் மரத்துண்டு ஆடாமல் நுழையும் அளவு. இரு பக்கச் சுவரிலும் 45 பாகைச் சாய்வில் வாளுக்கு ஒரு பிளவு. ஒரு முனையில் துண்டு முட்டி நிற்க ஒரு தடைக்கட்டை. முதுகில் இரும்புப் பட்டி வைத்த சிறுவாளால் அறுத்தால், அந்தப் பட்டி சுவரில் தட்டியதும் வாள் நின்றுவிடும். சுவரின் உயரத்தை, துண்டின் அடியில் ஒன்றரை மில்லிமீற்றர் அறுபடாமல் மிஞ்சும்படி வைக்க வேண்டும். இந்த மிச்சம்தான் வேலையின் உயிர். முழுதாக அறுத்தால் இரு பாதியும் விலகி, அடுத்த வெட்டு கோணிவிடும். மிஞ்சிய மரமோ கடையும்போது தானாகவே சீவப்பட்டுப் போகும். முடிந்த பேனையின் குறுக்களவு 11, 12 மில்லிமீற்றர்தானே.

வெட்டிய வாயில் புளியமரத்தின் கருவைரத்தை மெல்லிய தகடாகச் சீவிப் பசையிட்டுச் செருகுங்கள். தகடும் வாளின் வெட்டுவாயும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். தடித்தால் நுழையாது, மெலிந்தால் பசைக்கோடு பல்லிளிக்கும். பித்தளைத் தகடு அழகுதான்; ஆனால் கடையும்போது சூடேறிப் பசை இளகும். பசை இறுகியதும் விளிம்பைச் சமப்படுத்தி, துண்டைக் கால் சுற்றுத் திருப்பி அதே தடைக்கட்டையில் முட்டவைத்து அறுக்க வேண்டும். இப்படி நான்கு பக்கமும். அவசரப்படுபவருக்கு இந்த வேலை சரிவராது.

பிறகு நடுவே 7 மில்லிமீற்றர் துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைந்தால் வியப்பு தெரியும். உருளையைச் சாய்வாக வெட்டினால் கிடைப்பது நீள்வட்டம். நான்கு திசையில் சாய்ந்த நான்கு நீள்வட்டங்கள் ஒன்றையொன்று ஊடறுத்து, பேனையைச் சுற்றி ஒரு பின்னலாகத் தெரியும். வெளிநாட்டுக் கடைசல்காரர்கள் இதைக் கெல்ட்டிக் முடிச்சு என்பார்கள். கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

2013 முதல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அதைப் படிக்கும் பிள்ளைகளின் கையில் இந்தப் பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோணம், நீள்வட்டம், அளவுத் துல்லியம் எல்லாம் இதில் கைக்கு வந்து சேரும். முதல் நாலைந்து துண்டுகளை வேம்பில் அறுத்துப் பழகட்டும். நான்கு வெட்டும் பிசகாமல் ஒரு புள்ளியில் சந்திக்கத் தொடங்கிய பிறகு முதிரையை எடுக்கலாம்.