மிஸ்டு கால் கொடுத்த செய்தியாளர்கள்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஆசிரியர் குழுவினர், "இன்டர்நெட்டில் சம்பளம் வாங்காமல் செய்தி எழுதுகிறார்களாமே, அதைப் பற்றி எளிமையாக எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயின் தொலைத்தொடர்புப் பிரிவில் 38 ஆண்டுகள் டெலிபோன் கம்பிகளோடு குடித்தனம் நடத்தி, 2019இல் ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், அதாவது டெலிபோன் வழியாகவே, இந்த விஷயத்துக்குள் போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2012ஆம் வருடம் என்று நினைவு. வேலை விஷயமாக தல்லி ராஜஹரா போயிருந்தேன். பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தோண்டும் ஊர் என்பது பிலாய்வாசிகளுக்குத் தெரியும். மதிய உணவு வேளையில் கேபிள் பள்ளம் வெட்டிய கூலி ஆட்கள் நாலைந்து பேர் மர நிழலில் ஒரு சாதாரண பட்டன் போனை நடுவில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு அல்ல. ஒரு பெண்பிள்ளையின் குரல், கோபமாக. மொழி இந்தியும் இல்லை, சத்தீஸ்கடியும் இல்லை. ஆனால் நடுவில் 'மூண்ட்' என்று ஒரு சொல் விழுந்தது. என் காது நிமிர்ந்துவிட்டது! "என்னப்பா, ரேடியோவா?" என்று இந்தியில் கேட்டேன். "ரேடியோ இல்லை சாப், சுவரா" என்றான் ஒருவன். மூன்று மாதமாக ஊரில் கைப்பம்பு கெட்டுக் கிடக்கிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லுகிறாளாம். அவள் நிருபர் அல்ல. கிராமத்தில் காடு கழனி பார்க்கிறவள்.

அதுதான் 'சிஜிநெட் சுவரா'. நாம் பிழைக்க வந்த இந்த சத்தீஸ்கட் மண்ணில் பிறந்த சங்கதி. ஆனால் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 2010 பிப்ரவரியில் இதைத் தொடங்கியவர் சுப்ரான்ஷு சௌத்ரி. பிபிசியில் வேலை பார்த்த பத்திரிகையாளர். பஸ்தர் பக்கம் நடக்கும் சண்டைகளைப் பற்றி எழுதப் போனவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அங்குள்ள பழங்குடி மக்களுக்கு வெளியுலகத்துக்குச் சேதி சொல்ல வழியே இல்லை. பத்திரிகை இந்தியில் வருகிறது. பலருக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் மொழி தெரிந்த நிருபர்களைக் காண்பது அரிது. ரேடியோ வைக்கலாம் என்றால், நம் நாட்டில் சமுதாய வானொலிகளுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம் என்று பிற்பாடு தளர்த்தினார்களே தவிர, தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே சொல்ல இடமில்லை. ஆனால் செல்போன் மட்டும் காட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்த பில் தீஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதற்குத் தொழில்நுட்ப உதவி செய்தார். தொழில்நுட்பம் என்றதும் பயப்பட வேண்டாம். ரயில் விசாரணைக்கு 139ஐக் கூப்பிட்டால் "இதற்கு ஒன்றை அழுத்துங்கள், அதற்கு இரண்டை அழுத்துங்கள்" என்று ஒரு குரல் சொல்லுமே, அதே சமாசாரந்தான். இங்கே ஒன்றை அழுத்தினால் நீங்கள் பேசுவது பதிவாகும். இரண்டை அழுத்தினால் மற்றவர்கள் பேசியது கேட்கும். அவ்வளவுதான்! படிக்கவும் தெரிய வேண்டாம், எழுதவும் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். பிற்பாடு மிஸ்டு கால் முறை வந்தது. நீங்கள் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து எந்திரமே உங்களைத் திருப்பிக் கூப்பிடும். ஒரு நாள் கூலியை எண்ணிப் பார்த்துச் செலவழிப்பவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. என் அனுபவத்தில், எந்த டெலிபோன் திட்டத்தையும் வாழ வைப்பதும் சாகடிப்பதும் 'காலுக்குக் காசு யார் கொடுப்பது' என்ற கேள்விதான்.

பேசியதும் நேராக ஊருக்குக் கேட்டுவிடாது. முக்கியமான இடம் இதுதான். பதிவான குரலை முதலில் 'மாடரேட்டர்' எனப்படும் சரிபார்ப்பவர்கள் கேட்பார்கள். பேசியவரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இரைச்சலை வெட்டிவிட்டு, சுருக்கம் எழுதி, பிறகு டெலிபோனிலும் இன்டர்நெட்டிலும் வெளியிடுவார்கள். பேசுபவர் தம் பெயர், ஊர், தம் நம்பர் ஆகியவற்றோடு, சம்பந்தப்பட்ட அதிகாரியின் நம்பரையும் சொல்லுவார். கேட்பவர்கள் அந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்கலாம். எங்கோ டில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் முன்பின் தெரியாத நாலு பேர் "ஐயா, இன்ன கிராமத்தில் பம்பு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் பிளாக் ஆபீசில் ஃபைல் நகராதா என்ன! வேலை முடிந்தால், அதே ஆள் மறுபடி பேசி "பம்பு ஓடுகிறது, போன் செய்தவர்களுக்கு நன்றி" என்று பதிவு செய்வார். கைப்பம்பு, வராத ஆசிரியர், ரேஷன் அரிசி, நூறு நாள் வேலையின் பாக்கிக் கூலி, இவையே பெரும்பாலும் செய்தி. இவற்றைப் பெரிய பத்திரிகைகள் மூன்றாம் பக்கத்தின் மூலையில்கூடப் போடாது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் கன்ட்ரோல் போன்தான் ஞாபகம் வந்தது. டிவிஷன் ஆபீசில் கன்ட்ரோலர் உட்கார்ந்திருப்பார். ஒரே லைனில் வழியிலுள்ள ஸ்டேஷன்கள் எல்லாம் கோத்திருக்கும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பேசினால், ரிசீவரை எடுத்த மற்றவர்களுக்கும் கேட்கும். யார் மாமனார் செத்தார், எங்கே மாம்பழம் சல்லிசு என்பதுவரை லைன் முழுக்கத் தெரியும். ஆனால் வண்டியை விடுகிற விஷயம் வந்தால் மட்டும் பேச்சு எடுபடாது. 'பிரைவேட் நம்பர்' வேண்டும். கேட்மேன் "கேட் சாத்திவிட்டேன்" என்று சொன்னால் போதாது. தன்னிடமுள்ள தாளில் அடுத்தபடி இருக்கும் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து என்றால், யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதற்கு அந்த இரண்டு இலக்க எண்தான் சாட்சி. எண் இல்லாத சேதி வெறும் வம்பு. எண் வாங்கிய சேதியில் வண்டி ஓடும்.

சுவராவில் அந்தப் பிரைவேட் நம்பர் வேலையைச் செய்தவர்கள் சரிபார்ப்பவர்கள். பேசுகிற ஆயிரம் பேரை எல்லோரும் கொண்டாடுகிறோம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்ட அந்தச் சிலரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பொய் வெளியானால் மொத்த லைனும் செத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் துப்பாக்கி ஏந்திய மாவோயிஸ்டுகள் என்றிருந்த காட்டில், தன் பெயரையும் ஊரையும் சொல்லி அதிகாரியைப் பற்றிப் புகார் பேசுவது நமக்கு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே கருத்துச் சொல்லுவது போல் அல்ல. ஒரு பைசா சம்பளம் இல்லாமல் அதைச் செய்தார்கள்.

நெட்வொர்க் எட்டாத ஊர்களுக்கு 'புல்டூ' என்று ஒரு வழி கண்டார்கள். 'புளூடூத்' என்ற சொல்லைக் கிராமத்து வாய் அப்படி ஆக்கிவிட்டது! அன்றைய குரல்களைச் சேர்த்து ஒரு செய்தித் தொகுப்பாக்கி, இன்டர்நெட் உள்ள இடத்தில் ஒருவர் இறக்கிக்கொள்ளுவார். ஊருக்குப் போய்ப் பக்கத்துப் போனுக்கு மாற்றுவார். அது அடுத்த போனுக்குப் போகும். காசே இல்லை. 2014இல் லண்டனிலுள்ள 'இண்டெக்ஸ் ஆன் சென்சார்ஷிப்' அமைப்பின் விருது சுப்ரான்ஷு சௌத்ரிக்குக் கிடைத்தது. அப்போது அந்தப் பட்டியலில் எட்வர்ட் ஸ்நோடன் பெயரும் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'மூண்ட்' விஷயத்துக்கு வருகிறேன். கோண்டி நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1856இல் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்திலேயே கோண்டியைச் சேர்த்திருக்கிறார். இரண்டு 'ரண்ட்', மூன்று 'மூண்ட்', நான்கு 'நாலுங்'. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசும் மொழி. ஆனாலும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக் கோண்டியும் ஒவ்வொரு மாதிரி என்பதால், சுவராவின் முயற்சியில் பல மாநிலத்துக் கோண்டு மக்கள் 2014 முதல் திரும்பத் திரும்பக் கூடி, சுமார் 3000 சொற்கள் கொண்ட பொது அகராதி ஒன்றை 2018இல் கொண்டுவந்தார்கள். செய்தி சொல்ல உட்கார்ந்தவர்கள் அகராதியில் போய் முடிந்தார்கள்! பொதுவான சொல் இல்லாமல் பொதுவான செய்தி எப்படி வரும்? நாற்பது வருடமாக இங்கே இருந்தும், பக்கத்து வீட்டுக்காரன் நம் தூரத்துப் பங்காளி என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வேறு இடங்களிலும் இப்படி முயற்சிகள் உண்டு. தென்கொரியாவில் ஓ இயோன்-ஹோ என்பவர் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று 'ஓமைநியூஸ்' என்ற இன்டர்நெட் பத்திரிகையை 727 குடிமக்கள் நிருபர்களோடு தொடங்கினார். குடிமகன் ஒவ்வொருவனும் நிருபனே என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அங்கேயும் ஆபீசில் ஆசிரியர்கள் உட்கார்ந்து சரிபார்த்த பிறகே அச்சேறும், மன்னிக்கவும், திரையேறும். எழுதியவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். 2002 டிசம்பரில் ஜனாதிபதியாகத் தேர்வான ரோ மூ-ஹியுன், பெரிய பத்திரிகைகளையெல்லாம் விட்டுவிட்டு முதல் பேட்டியை அவர்களுக்குத்தான் கொடுத்தார்.

நம் நாட்டில் 2014 டிசம்பரில் சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இருக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அல்ல. கிராம இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியம் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். நெசவாளர், கடல்பாசி எடுக்கும் பெண்கள், மேய்ச்சல்காரர்கள் என்று கிராமத்து உழைப்பைப் பற்றி நீண்ட கட்டுரைகள். தமிழ் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. மொழிபெயர்ப்பவர்களில் பலர் தன்னார்வத் தொண்டர்கள். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கச் சுவையான பாடம் வேண்டும் என்பவர்கள், அதைத் தமிழில் ஒரு பக்கமும் இந்தியில் ஒரு பக்கமும் வைத்துப் படிக்கச் சொல்லலாம். என் பேத்தியிடம் சோதித்துப் பார்த்தாயிற்று.

எழுதுகிறவன் இலவசமாக எழுதினாலும் கம்ப்யூட்டரும் டெலிபோன் பில்லும் இலவசம் அல்ல. சரிபார்ப்பவருக்கும் வயிறு உண்டு. சுவரா உட்பட இவற்றில் பல நல்கைகளை நம்பித் தொடங்கப்பட்டவை. நல்கை நின்றால் ஆட்டம் காணும். விளம்பரம் வாங்கினால் சுதந்திரம் போய்விடுமோ என்ற அச்சம். வாசகரிடம் சந்தா கேட்டால், இலவசமாகக் கிடைத்துப் பழகிய கை பைக்குள் போவதில்லை. நம் இதழுக்கே ஆண்டுச் சந்தா வசூலிக்கப் பொருளாளர் எத்தனை வீட்டு வாசல் ஏறுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

இவ்வளவும் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு தவற்றைச் சொல்லத்தான் வேண்டும். 2022 கோடையில் நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிட நம் பக்கம் ஏராளமான பயணி வண்டிகளை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயம் ஒரு நாள் இரவு, ரத்தான வண்டிகளின் பட்டியல் ஒன்று என் போனுக்கு வந்தது. தெற்கே போகும் வாராந்திர வண்டியும் அதில் இருந்தது. நான் அதை அப்படியே நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அது போன மாதத்துப் பட்டியல். தேதியை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று, அந்த அம்மாளின் தகப்பனாருக்கு ஊரில் சதாபிஷேகம் என்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. விடிகாலையில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று. நாக்பூர் போய் வண்டி மாறி அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வைபவம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"ரயில்வே மாமாவே போட்டிருக்கார்னுதான் நாங்க வேற யாரையும் கேக்கல" என்று அந்த அம்மாள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

38 வருடம் பிரைவேட் நம்பர் இல்லாமல் ஒரு கேட்டைத் திறக்கவிடாத துறையில் இருந்தவன், ஒரு விரலால் அழுத்தி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நம் குழுவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வண்டி சம்பந்தமான தகவல் எது வந்தாலும் முதலில் எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். நான் 139இல் விசாரித்து, விசாரித்த தேதியையும் நேரத்தையும் போட்டுத்தான் குழுவில் எழுதுவேன். மருத்துவச் செய்திகளை நம் சங்கத்து டாக்டர் அம்மா பார்த்துச் சொல்லுகிறார். சிலர் முணுமுணுக்கிறார்கள், தாமதமாகிறதாம்.

சென்ற மாதம் இரவு பதினொன்றரைக்கு அப்படி ஒரு தகவல் வந்தது. எழுந்து கண்ணாடியைத் தேடி, 139ஐக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வண்டி உண்மையாகவே ரத்துதான். நேரத்தைப் போட்டு எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.