குதிரை வாங்கும் முன் குருவைத் தேடுங்கள்

மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. குதிரை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கலாம் என்கிறான் மகன். தோப்புப் புல்லே போதும், தீவனச் செலவு இல்லை என்கிறான். இறங்கலாமா சார்?"

இறங்கலாம். ஆனால், முதலில் பழைய கதை ஒன்றைக் கேளுங்கள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகுமாம். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டார்களாம். பராமரிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. குதிரை வைத்தியர்களை வியாபாரிகளே வரவிடவில்லை என்கிறார். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

சிரிக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில், திருவிழாவில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைப்பதுபோல் குதிரைக்கும் வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் வயிற்று வலியில் புரண்டது. விடிவதற்குள் போய்விட்டது. நான் போனபோது வீட்டுப் பிள்ளை கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

குடும்ப லாயத்தின் ஆசிரியர்கள்

நன்றாக நடக்கும் குடும்ப லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுப்பவர் மட்டும் ஆசிரியர் அல்லர். விடியற்காலையில் சாணத்தைப் பார்த்தே உடல்நிலையைச் சொல்லும் பெரியவர், நேரம் தவறாமல் தீவனம் வைக்கும் வீட்டம்மா, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும் பிள்ளை என எல்லோருமே ஆசிரியர்கள்தான்.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளே சேணத்தில் ஏற்ற மாட்டார். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது. அதனால் பேச்சுக் கொடுத்தபடி இடது தோள் பக்கமாக நெருங்கப் பழக்குவார். பிறகு உடம்பு தேய்ப்பது, குளம்பு பார்ப்பது. அதன் பின்னரே நடை, துள்ளு நடை, ஓட்டம். தலைக்கவசம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் ஏற்ற மாட்டார். அங்கவடியில் பாதம் சிக்காதபடி குதிகால் வைத்த காலணியும் கேட்பார்.

மாட்டுக்கு நல்லது, குதிரைக்கு ஆகாது

குதிரை அசைபோடாது, வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை சிறியது. ஆகவே சிறிது சிறிதாக, பல வேளை தீவனம் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 கிலோ உலர்தீவனக் கணக்கு. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

நம் தோப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், கம்பு நேப்பியர் ஆகியவற்றில் ஆக்ஸலேட் உண்டு. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இவற்றை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து குறைந்து, முக எலும்பு வீங்கும், நொண்டும். அருகம்புல் கலந்து கொடுங்கள். தாது உப்பின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

2. வேலியோரச் சூபாபுல் தழையைத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

3. மோனென்சின் கலந்த கோழித்தீவனம் சிறிதளவே போதும், உயிர் போய்விடும்.

தரையைக் காலால் பறிப்பது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாதது ஆகியவை வயிற்று வலியின் அறிகுறிகள். கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். மூக்கில் சளி, தோலில் புண் கண்டால் தனியே கட்டிவிட்டுத் தகவல் கொடுங்கள். கிளாண்டர்ஸ் நோயாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும். ரணஜன்னித் தடுப்பூசியும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவதும் தவறக்கூடாது.

வாசகருக்குப் பதில்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கிவிடலாம். அனுபவத்தை அங்கே விற்பதில்லை. மகனை முதலில் ஒரு நல்ல லாயத்தில் ஆறு மாதம் வேலைக்கு விடுங்கள். சாணம் அள்ளி, லாடம் அடிப்பவருக்குக் கால் பிடித்துக் கொடுத்து, இரவு விழித்துப் பழகட்டும். அதன் பிறகும் குதிரைதான் வேண்டும் என்றால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மக்கவைத்த குதிரைச் சாணம் உங்கள் தென்னைக்கும் ஆகும்.